ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தும் ஒயர் கருகுகிறதே, எதை நம்புவது?

வாசகர் கேள்வி:

திண்டுக்கல் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டிக் குடிபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடிக்கு ரேட் பேசி ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டேன். ஒயரிங்கும் அதில் அடக்கம். பெயர் பெற்ற கம்பெனி ஒயர்தான் வந்தது, பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததை நானே பார்த்தேன். இப்போது கீசர் சுவிட்ச் பழுப்பேறி, கருகும் வாடை வருகிறது. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. கீசர் போட்டால் எம்.சி.பி. (மின்சாரம் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது, கான்ட்ராக்டரின் ஆள் வந்து 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டார், அதற்கப்புறம் விழவில்லை. வேறொரு எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, “இது டூப்ளிகேட் ஒயர், மொத்த வீட்டையும் மாற்றணும்” என்கிறார். கான்ட்ராக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரை உடைக்க வேண்டியதுதானா? முத்திரையையே நம்ப முடியாவிட்டால் எதைத்தான் நம்புவது? தை மாதம் தம்பி வீடு தொடங்குகிறான், அவனுக்காவது வழி சொல்லுங்கள்.

மின் பொறியாளரின் பதில்:

டூப்ளிகேட்டா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம். இதைப் படித்ததும் இரண்டு வேலையைச் செய்துவிடுங்கள். கீசர் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஏற்றாதீர்கள். வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சின்ன ஷாக்தானே என்று ஈரத் தரையில் நின்று துணி துவைக்க வேண்டாம், வீட்டில் யாரையும் விடவும் வேண்டாம்.

வாஷிங் மெஷினிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அங்கேதான். மின்னணு போர்டு உள்ள மெஷின்களில் இரைச்சலைத் தடுக்க ஒரு ஃபில்டர் இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உடல் தகட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அது அப்படியே மண்ணுக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் தகட்டில் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் நிற்கும், தொட்டால் சுர்ரென்னும். ஆகவே மெஷினைக் குறை சொல்லும் முன் அந்த பிளக் பாயிண்டில் எர்த் ஒயர் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் பச்சை ஒயரே வந்திருக்காது. இல்லையென்றால் பச்சை ஒயர் வந்து டி.பி. பாக்ஸில் (எம்.சி.பி.க்கள் வரிசையாக இருக்கும் பெட்டி) எதிலும் சேராமல் சுருட்டிக் கிடக்கும். இரண்டையும் புது வீடுகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

இன்னொரு மோசமான குறுக்கு வழியும் உண்டு. எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரரும் திருப்தி ஆகிவிடுவார். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் மெஷின், ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றின் உடலிலும் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். உங்கள் வீட்டில் எல்லா சாக்கெட்டையும் கழற்றி இந்தத் துண்டு ஒயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலை மொத்தத்திலும் முதலாவதாக இதைச் செய்யச் சொல்வேன்.

ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச், பற்றி நீங்கள் எழுதவே இல்லை. டி.பி. பாக்ஸில் ‘T’ என்று எழுதிய சின்னப் பட்டனோடு ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை உடனே போடுங்கள். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இல்லாமல், ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் மண்ணுக்குப் போனாலும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எம்.சி.பி.க்கு அந்த வேலை தெரியாது. வீட்டில் ஏதோ ஒன்றுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கீசர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி.தான். எம்.சி.பி. இருப்பது கீசரைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பாற்ற. 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் எடுப்பது 8.7 ஆம்பியர். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டராக இருந்தாலும் 13 ஆம்பியர்தான். இரண்டுக்குமே 16 ஆம்பியர் எம்.சி.பி. விழக் கூடாது. விழுந்தது என்றால் அது ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறது. அதே லைனில் அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து ஓடியிருக்கலாம். கீசர் காயில் பழுதாகியிருக்கலாம். எம்.சி.பி.யின் ஸ்க்ரூ சரியாக முடுக்கப்படாமல் அந்த இடம் சூடாகி, உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு அந்தச் சூட்டுக்கே வளைந்திருக்கலாம். எம்.சி.பி.யே போலியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. வந்தவர் இதில் ஒன்றையும் பார்க்காமல், எச்சரிக்கை கொடுத்த பொருளை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

விளைவு என்ன தெரியுமா? தரமான எம்.சி.பி. தன் அளவைப் போல 1.13 மடங்கு வரை விழாது, 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் தரநிலை. அப்படியென்றால் உங்கள் 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விடும், 46 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் விடலாம். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயருக்கு 20 ஆம்பியரே ஏறக்குறைய எல்லை. நல்ல கம்பெனி ஒயராக இருந்தாலும் இது தவறு. போலி ஒயராக இருந்தால் சுவருக்குள் தீ வைத்த மாதிரி.

சரி, ஒயர் போலிதானா? உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து ஆமாம் என்று சொல்ல மாட்டேன். சுவிட்ச் கருகுவதற்கு 6 ஆம்பியர் சுவிட்சை கீசருக்குப் போட்டதே போதும், அல்லது 16 ஆம்பியர் சுவிட்சிலேயே ஸ்க்ரூ லூஸாக இருந்தாலும் போதும். அசல் ஒயரும் லூஸ் ஸ்க்ரூவில் கருகும். “மொத்த வீட்டையும் மாற்றணும்” என்று பார்த்த மாத்திரத்தில் சொன்ன எலக்ட்ரீஷியன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சோதித்துவிட்டு முடிவு செய்வோம்.

சோதனைக்கு மின்சாரமே வேண்டாம். பரணில் மிச்ச ஒயர் இருந்தால் அதிலிருந்து ஒரு மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மெயினை அணைத்துவிட்டு கீசர் லைனிலிருந்து ஒரு முழம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மேல் தோலை முழுக்கச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் ஓர் இழையைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் ஏற்றிய கம்பி. போலி ஒயர்களில் இது நிறைய வருகிறது.

அப்புறம் அந்த ஒரு மீட்டர் கம்பியை நகைக்கடைக்குக் கொண்டுபோய், அவர்களுடைய எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.9 கிராம். 2.5 ஸ்கொயர் எம்.எம். கம்பி ஒரு மீட்டர் என்றால் 22 கிராம் வர வேண்டும். நம் தரநிலை கம்பியின் கனத்தை, அதாவது பருமனை, மின்தடையை வைத்துத்தான் தீர்மானிக்கிறது என்பதால் நல்ல கம்பெனி ஒயரிலும் 19, 20 கிராம் வரலாம், அது ஏமாற்று அல்ல. 15, 16 கிராம் வந்தால் செம்பு சரி, கனத்தில் திருடியிருக்கிறார்கள். 8 கிராம் பக்கம் வந்தால் அலுமினியம்தான், வேறு பேச்சே இல்லை. 1.5 ஸ்கொயர் எம்.எம்.முக்கு 13 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் மட்டும் கிடைத்திருந்தால் டேப் வைத்து அளந்து விகிதம் போட்டுக்கொள்ளலாம்.

முலாம் ஏற்றிய கம்பியில் என்ன கெடுதல் என்றால், அதே கனத்துக்கு அதன் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 2.5 என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 1.5 கனம் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து, அதே கீசருக்கு சுவருக்குள் உண்டாகும் சூடு இரண்டரை மடங்கு ஆகிவிடும். அதைவிட முக்கியம் ஸ்க்ரூ முனை. அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகிக் கொடுக்கும், காற்றுபட்டால் மேலே மின்சாரம் கடத்தாத படலம் கட்டும். இன்று இறுக்கமாக முடுக்கிய ஸ்க்ரூ ஒரு வருடத்தில் லூஸாகிவிடும். லூஸானால் சூடு, சூடானால் இன்னும் லூஸ். உங்கள் வீட்டில் ஒன்றரை வருடத்தில் சுவிட்ச் பழுப்பேறியதற்கு இது பொருந்தித்தான் வருகிறது, அதனால்தான் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

போலி என்று தெரிந்தாலும் சுவரை உடைக்க ஓடாதீர்கள். ஒயர் பி.வி.சி. பைப்புக்குள் போயிருந்தால், பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி இழுத்து மாற்றிவிடலாம். பைப்பே போடாமல் பூச்சுக்குள் ஒயரைப் புதைத்திருந்தால், அல்லது வளைவில் பைப் நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் உடைக்க வேண்டிவரும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் பணம் இல்லாவிட்டால், முதலில் அதிக மின்சாரம் எடுக்கும் லைன்களை மாற்றுங்கள்: மீட்டரிலிருந்து டி.பி. வரை வரும் மெயின், கீசர், ஏ.சி., மோட்டார், சமையலறை. கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 ஸ்கொயர் எம்.எம். போட்டுவிடுங்கள், டி.பி.யிலிருந்து தனித்தனி லைனாக, இடையில் ஒட்டு இல்லாமல். கீசருக்குத் திரும்ப 16 ஆம்பியர் எம்.சி.பி.தான். 9 வாட் எல்.இ.டி. பல்பும் ஃபேனும் ஓடும் லைன்கள் எடுப்பது மிகக் குறைவு. அவற்றுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிட்டு அடுத்த வருடம் வரை தள்ளலாம்.

தள்ளலாம் என்பதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. போலி ஒயரில் கம்பியைப் போலவே மேல் தோலும் மட்டம், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்திருப்பார்கள், சீக்கிரம் விறைத்து வெடிக்கும். ஆகவே 500 வோல்ட் மெகர் வைத்து ஒவ்வொரு லைனின் இன்சுலேஷனையும் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைன் பல்பு லைனாக இருந்தாலும் இப்போதே மாற்ற வேண்டும். மெகர் இல்லாமல் வரும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அரசின் மின் உரிம வாரியத்தில் தகுதிச் சான்று வாங்கியவரா என்றும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நல்ல ஒயர்மேன் சந்தோஷமாகவே எடுத்துக் காட்டுவார்.

முத்திரைக்கு வருகிறேன். நம் நாட்டில் வீட்டு ஒயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், 2003-ல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணை அது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 694 என்ற எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருளுக்கு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். எண்ணே இல்லாத முத்திரை, வேறு பொருளுக்கு வாங்கிய எண், காலாவதியான எண் எல்லாம் அங்கேயே அம்பலமாகிவிடும். ஆனால் கைதேர்ந்த போலிக்காரன் அசல் கம்பெனியின் எண்ணையே அச்சடிக்கிறான். அப்போது செயலி சரி என்றுதான் காட்டும். அதனால் முத்திரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒயரின் மேலும் பெட்டியிலும் உள்ள தொகுதி எண்ணைக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குச் சொல்லி, அது அவர்கள் சரக்கா என்று கேட்கலாம். பெயர் பெற்ற கம்பெனிகள் இதற்குப் பதில் சொல்லும், ஏனென்றால் கெடுவது அவர்கள் பெயர்தான்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். சதுர அடி ரேட்டில் ஒயரிங்கும் அடக்கம் என்று பேசும்போது, மிச்சம் பிடிக்க முதலில் கை போகிற இடம் பூச்சுக்குப் பின்னால் மறைகிற பொருள்தான். டைல்ஸையும் கதவையும் வீட்டுக்காரர் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், பைப்பையும் ஒயரையும் யார் பார்க்கிறார்கள்? ஒயர்மேனுக்கோ பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஸ்க்ரூவை முடுக்கியபின் ஒயரை இழுத்துப் பார்க்கவும், எர்த்தைச் சோதிக்கவும் ஆகும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் அவர் இன்னும் நாலு பாயிண்ட் முடித்துவிடுவார். எனக்கு அந்தத் தொழிலாளிமீது கோபம் வருவதைவிட இந்தக் கணக்கின்மீதுதான் வருகிறது. அதற்காக 32 ஆம்பியர் போட்டதை மன்னிக்கச் சொல்லவில்லை. அது தெரிந்தே செய்த தவறு.

கான்ட்ராக்டரை என்ன செய்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எதையும் மாற்றும் முன் போட்டோ எடுங்கள்: கருகிய சுவிட்ச், ஒயர்மேல் அச்சிட்ட எழுத்து, டி.பி.யில் 32 ஆம்பியர் எம்.சி.பி. கழற்றிய ஒயரில் எழுத்து தெரியும்படி சில மீட்டர் பத்திரமாக வையுங்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத் தாளையும் பணம் கொடுத்த ரசீதையும் தேடி எடுங்கள். குறைகளை எழுதி, சரிசெய்து தர நாள் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசைந்து கொடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், உங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது. குறை தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று வாதாட இடம் உண்டு, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். போலி முத்திரை என்று உறுதியானால் சென்னை தரமணியில் உள்ள தரநிர்ணய அமைவன அலுவலகத்துக்கும், பெயர் திருடப்பட்ட கம்பெனிக்கும் எழுதுங்கள். கான்ட்ராக்டரும் கடையில் ஏமாந்தவராக இருக்கக்கூடும். எந்தக் கடையில் வாங்கினார் என்று அவரிடம் பில் கேளுங்கள். அதைக் காட்ட மறுத்தால் அதையும் கடிதத்தில் எழுதி வையுங்கள்.

இனி உங்கள் தம்பிக்கு. ஒயர், சுவிட்ச், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. நான்கையும் சதுர அடி ரேட்டிலிருந்து வெளியே எடுத்து, கம்பெனியின் அங்கீகரித்த டீலரிடம் ஜி.எஸ்.டி. பில்லோடு அவரே வாங்கட்டும். பக்கத்துக் கடையைவிட ஒரு கட்டு பாதி விலைக்குக் கிடைத்தால் அங்கே வாங்க வேண்டாம், அந்த விலைக்குச் செம்பே வராது. முதல் கட்டு வந்ததும் ஒரு மீட்டர் வெட்டி எடைபோட்டுப் பார்க்கட்டும். ஒயர்மேனிடம் பாயிண்டுக்கு ரேட் பேசினாலும் மெகர் சோதனை, எர்த் சோதனை இரண்டுக்கும் தனியாக ஒரு தொகை பேசி, அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டபின் அதைக் கொடுக்கட்டும். பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், பைப் போகும் பாதை தெரிய, டேப்பை விரித்து வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் உதவும்.

உங்கள் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிராம் வந்தது என்றும், மெகர் ஒவ்வொரு லைனிலும் என்ன காட்டியது என்றும் எழுதி அனுப்புங்கள். எந்த லைனை இப்போதே மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று அதைப் பார்த்து வரிசைப்படுத்தித் தருகிறேன்.